சிவலிங்கம் அண்ணனின் இடது பாதம்

சிவலிங்கம் அண்ணன் போய்விட்டார்... இன்று காலை, மலாக்கா புக்கிட் காத்தில் ஊரில், அவர் வீட்டிலேயே.

படம் போடலாம் என்று போனைத் துழாவினேன். முகம் தெரிகிற படம் ஒன்றுகூட இல்லை. எல்லாமே அவருடைய இடது பாதம்!

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சுங்கை ஊடாங்கில் ஒரு காண்ட்ராக்டரிடம் என்னோடு வேலை செய்தவர். அவர் வெயிலில் சாரம் கட்டுவார், நான் ஸ்டோரில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து ஊர் வம்பு பேசுவேன். சம்பளம் என்னவோ ஒன்றுதான்.

ரெம்பியா பக்கம் எங்கள் பழைய எஸ்டேட் மாரியம்மன் கோவிலில் வருஷா வருஷம் பூக்குழியில் முதல் ஆளாக இறங்குகிறவர் அவர்தான். நானும் ஒரு தடவை காப்புக் கட்டினேன்... அனல் முகத்தில் அடித்ததும் நேராக மோர்ப் பந்தலுக்குப் போய்விட்டேன். அந்தக் கதையை அண்ணன் சொல்லாத கல்யாண வீடு கிடையாது.

அவருடைய இடது உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே, ஒரு கறுப்புத் தழும்பு. தீ சுட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அதற்கு ‘அம்மன் முத்திரை’ என்று பெயர் வைத்தவர் கோவில் தலைவர். தீமிதி முடிந்ததும் அண்ணனை நாற்காலியில் உட்கார வைத்து, இடது காலை மட்டும் ஒரு ஸ்டூலில் தூக்கி வைப்பார்.

பெண்கள் வரிசையில் வந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். தலைவர் பக்கத்தில் நின்று போட்டோ எடுப்பார். முத்திரை ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் பெரிசாகும்... பக்தி கூடுகிறது என்று மைக்கில் அறிவிப்பார்.

கம்பெனி மெடிக்கலும் வருஷம் தவறாமல் நடந்தது. காது பார்த்தார்கள், கண் பார்த்தார்கள், மூச்சை இழுத்து ஊதச் சொன்னார்கள். பூட்ஸைக் கழற்று என்று ஒருத்தரும் சொன்னதில்லை.

அப்புறம் கொரோனா. எம்.சி.ஓ. என்கிற ஊரடங்கு, அதற்கு மேல் எமர்ஜென்சி... கோவில் கேட்டில் பூட்டு. இரண்டு வருஷம் தீமிதியே கிடையாது.

வீட்டில் அடைபட்டுக் கிடந்த அந்த நாளில்தான் லெட்சுமி அக்கா, அவர் மனைவி, ஒரு கேள்வி கேட்டது. எஸ்டேட்டில் இத்தனை பேர் இருந்தோம், ஒருத்தருக்கும் தோன்றாத கேள்வி.

“ஒரு வருஷமா நீங்க தீயே மிதிக்கல. அப்புறம் ஏன் இது பெருசாயிட்டே போவுது?”

“அம்மா குடுத்தது லா. அது பாட்டுக்கு இருக்கட்டும்.”

“ஓரமெல்லாம் கோணலா பரவுதுங்க. தோல் டாக்டர்கிட்ட காட்டுவோம்.”

“தோல் கேன்சரெல்லாம் கடற்கரையில மல்லாந்து கெடக்குற வெள்ளக்காரனுக்கு வர்றது. நம்ம கலருக்கு கேரண்டி இருக்குடி. டாக்டர்கிட்ட காட்டுனா அம்மா கோவிச்சுக்குவா.”

“அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க காடியை எடுங்க.”

எடுத்தார்... காரை அல்ல, போனை. தலைவரைக் கூப்பிட்டுக் கேட்டார்.

தலைவர் சொன்ன பதிலை அண்ணனே என்னிடம் பெருமையாகச் சொன்னார். “அடுத்த வருஷம் கோவில் தொறந்துருவாங்க. கால்ல கத்தி வச்சிட்டா முதல்ல யாரு எறங்குறது?”

அந்த வருஷமும் கோவில் திறக்கவில்லை. முத்திரை திறந்துகொண்டது. புண்ணாகி, ரத்தம் கசிந்து, செருப்புப் போட முடியாமல் போன பிறகுதான் அக்கா அவரை மலாக்கா டவுனுக்கு இழுத்துக்கொண்டு போனது.

தோல் டாக்டர் ஒரு சின்ன லென்ஸை வைத்துப் பார்த்தாராம். உடனே நிமிர்ந்து, “எத்தனை வருஷமா இருக்கு?” என்று கேட்டாராம்.

அண்ணன் அப்போதும் கொஞ்சம் பெருமையாகத்தான் வருஷத்தைச் சொன்னார் என்று அக்கா சொல்லி அழுதது.

தோல் கேன்சர்தான். நம்மைப் போன்ற கறுத்த தோல்காரர்களுக்கு அது உள்ளங்காலிலும் நகத்துக்கு அடியிலும்தான் அதிகம் ஒளிந்துகொண்டு வருமாம். ஆரம்பத்திலேயே காட்டியிருந்தால் சின்னதாக வெட்டி எடுத்துத் தையல் போட்டிருப்பார்கள். இப்போது முன்பாதத்தையே எடுக்க வேண்டியதாகிவிட்டது. அதற்குள் அது காலைத் தாண்டிப் போயிருந்தது.

ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது அண்ணன் என்னிடம் சொன்னது ஒன்றுதான். “நீ போய் காட்டிட்டு வா லா. மோர் குடிச்ச கால்தான், இருந்தாலும் காட்டு.”

போனேன். டாக்டரம்மா உச்சந்தலையிலிருந்து கால் நகம் வரை லென்ஸ் வைத்துப் பார்த்தார். தொப்பைக்குக் கீழே எனக்கு என்னென்ன இருக்கிறது என்று நானே பார்த்துப் பல வருஷமாகிறது... அவர் பார்த்துச் சொன்னார். ஒன்றும் இல்லை, அடுத்த வருஷமும் வரச் சொன்னார். போய்க்கொண்டுதான் இருக்கிறேன், வெட்கத்தோடு.

இன்று காலையில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். தலைவர் எனக்கு முன்பே மாலையோடு வந்துவிட்டார். “அம்மா கூப்பிட்டுக்கிட்டா,” என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்காவின் மாமா ஒருவர் வெள்ளைத் துணியைக் கிழித்து எடுத்து வந்தார், கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்ட. வேட்டியை விலக்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

கட்ட ஒரு விரல்தான் இருந்தது.

மூலையில் உட்கார்ந்திருந்த அக்காதான் வாயைத் திறந்தது. குரலை உயர்த்தவில்லை.

“இன்னொன்னை தலைவர்கிட்ட கேளுங்க மாமா. அவரு போன்லதான் இருக்கு.”

தலைவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனார். மாமா அந்தத் துணியை வலது கால் விரலில் மட்டும் ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார்.

என்னிடம் இருக்கிற படங்களை நான் போடப் போவதில்லை.

மெதுவா நடந்து போங்கண்ணே...