மலையில் தலைக்குக் குளித்த காலை

அந்த மலைக்குப் போக நாங்கள் மூன்று தடவை கிளம்பினோம். முதல் தடவை, காரில் பைகளை ஏற்றி, தம்பி வாந்தி எடுத்தால் பிடிக்கப் பிளாஸ்டிக் பைகூட மடித்து வைத்தாகிவிட்டது. அப்போது அப்பாவின் கைப்பேசி அடித்தது. ஈப்போவில் அப்பாவுக்குப் பங்காளி முறையாகும் ஒரு கிழவர் இறந்துவிட்டாராம். அவரை நான் பார்த்ததே இல்லை. அப்பாவே இரண்டு தரம் பார்த்திருந்தால் அதிகம். அம்மா பின்கதவைத் திறந்து பைகளை இறக்க ஆரம்பித்தார். பதினாறு நாள் தீட்டு. கோயில் கிடையாது, கல்யாணம் கிடையாது, உல்லாசப் பயணம் நிச்சயமாகக் கிடையாது.

நான் தரையில் புரண்டு அழுதேன். அப்பா அந்த ஃபோனை ஏன் எடுத்தார் என்று கத்தினேன். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எடுக்காமல் இருந்திருந்தால் தெரிந்திருக்காது, போய்விட்டு வந்திருக்கலாம், காதில் விழுந்தாகிவிட்டதே, இனி என்ன செய்வது என்றார். தூரத்துச் சாவுக்குத் தீட்டு, சேதி கேட்ட நேரத்திலிருந்துதான் தொடங்கும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். அம்மா அதை விளையாட்டாகத்தான் சொன்னார். பாடம் எதுவும் மண்டையில் ஏறாத எனக்கு அது மட்டும் நன்றாக ஏறிவிட்டது.

இரண்டாம் தடவை பெரியப்பாவின் கால்விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

பெரியப்பா அப்பாவின் அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கி, பிறகு லாரி ஓட்டி, தம்பியைத் தொழிற்பயிற்சிப் பள்ளியில் சேர்த்துப் படிக்க வைத்தவர். அப்பா சிம்பாங் அம்பாட்டில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருந்தார். அங்கேயே ஒரு தாமான் குடியிருப்பில் எங்களுக்குச் சொந்த வீடு இருந்தது. எல்லாம் பெரியப்பாவின் முதுகில் ஏறி வந்தவை என்று அப்பாவே சொல்வார். பெரியப்பா பினாங்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம், தீவிலுள்ள ஜார்ஜ் டவுனில், அத்தையின் அடுக்குமாடி வீட்டில் இருந்தார். அத்தை இவர்கள் இருவருக்கும் மூத்தவர். சர்க்கரை வியாதி பெரியப்பாவை விரல் விரலாகத் தின்றுகொண்டிருந்தது. பிள்ளை இல்லாத மனிதர் என்பதால் கொள்ளி வைக்க வேண்டியவர் அப்பாதான். அதைப் பெரியப்பா சிரித்துக்கொண்டே நினைவுபடுத்துவார்.

"வேலைக்குத்தான் லேட்டா போற. எனக்கு நெருப்பு வைக்கவாச்சும் நேரத்தோட வந்துரு லா."

அப்பாவுக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. எழுந்து வெளியே போய்விடுவார்.

மூன்றாம் தடவை ஆண்டு இறுதி விடுமுறையில் அறை எடுத்திருந்தோம். எனக்குப் பதினொரு வயது. கிளம்புவதற்கு நாலு நாள் முன்னால் பெரியப்பாவை மறுபடியும் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அப்பா பயணத்தை நிறுத்திவிடுகிறேன் என்று அவர் கட்டிலருகே நின்று சொன்னபோது நானும் அங்கே இருந்தேன். என் மூஞ்சி எப்படிப் போனதோ தெரியவில்லை. பெரியப்பா என்னைப் பார்த்துவிட்டு, ரெண்டு நாள்தானே, போய்விட்டு வாங்கள், நான் எங்கும் ஓடிவிட மாட்டேன் என்றார். வார இறுதியில் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று டாக்டரும் சொன்னார். அப்பா அரை மனதாகச் சரி என்றார். நோயாளிக் கட்டிலில் கிடந்த மனிதனிடமிருந்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே அனுமதி வாங்கியவள் நான். இதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு சரியாக இருக்கும்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அந்த மலைமேல் இருந்த கேளிக்கைப் பூங்காவில் ஒரு பெரிய ரோலர் கோஸ்டர் இருந்தது. என் வகுப்பில் நாலு பேர் அதில் ஏறியிருந்தார்கள். வாசலில் ஒரு பலகை, அதில் ஒரு கோடு. தலை அந்தக் கோட்டைத் தொட வேண்டும். முந்தைய ஆண்டு போயிருந்தால்கூட என்னை விட்டிருக்க மாட்டார்கள். இந்த ஆண்டு நான் வளர்ந்திருந்தேன்.

முதல் நாள் மதியம் போய்ச் சேர்ந்தோம். மழை. மழை விட்டதும் பனிமூட்டம். எதிரே வருபவர் முகம் தெரியவில்லை. தம்பி மட்டும் குட்டிப் பிள்ளைகளின் குதிரையில் ஏழு சுற்றுச் சுற்றினான். என் ரோலர் கோஸ்டருக்குச் சங்கிலி போட்டிருந்தார்கள். நாளைக்குப் பனி இல்லாவிட்டால் பத்து மணிக்குத் திறப்போம் என்றார்கள். நாளைக்கு மத்தியானம் நாங்கள் கிளம்ப வேண்டும்.

சாயங்காலம் அப்பா அத்தைக்கு ஃபோன் போட்டார். பெரியப்பா கஞ்சி குடித்தாராம், நன்றாகப் பேசினாராம். அப்பாவின் முகம் தெளிந்தது. அதற்குப் பிறகு தொழிற்சாலையிலிருந்து ஏதோ ஓர் இயந்திரம் நின்றுவிட்டதென்று மூன்று தடவை கூப்பிட்டார்கள். அப்பா எரிச்சலாகித் தன் கைப்பேசியை அணைத்துப் பையின் அடியில் போட்டார். ஏதாவது என்றால் அம்மாவின் ஃபோனுக்குக் கூப்பிடச் சொல்லி அத்தையிடம் முன்பே சொல்லியிருந்தார். ஆக, மலைக்கும் பினாங்குக்கும் நடுவில் இருந்தது அந்த ஒரே ஒரு ஃபோன்.

மறுநாள் காலையில் ஜன்னல் திரையை விலக்கினேன். வானம் நீலமாக இருந்தது. எனக்குக் கை கால் நிற்கவில்லை. அம்மா தம்பியைக் கூட்டிக்கொண்டு சுடுதண்ணீர் எடுக்கக் கீழே போயிருந்தார். அப்பா குளியலறையில் இருந்தார். எட்டு மணி இருக்கும். மேசையில் அம்மாவின் ஃபோன் அடித்தது. நான் எடுத்தேன்.

அத்தை அழவில்லை. குரல்தான் கட்டிப்போயிருந்தது.

"பாப்பா, பெரியப்பா போயிட்டாருமா. விடியக்காலையில. அப்பாகிட்ட குடு."

"அப்பா குளிக்கிறாரு அத்தை."

"வந்ததும் சொல்லு. ஒடனே கெளம்பச் சொல்லு. நாலு மணிக்கு எடுக்கிறோம், சுடுகாட்டுல அந்த நேரந்தான் கெடைச்சிச்சு. அவன்தான் வைக்கணும். சொல்லிருவல்ல?"

சொல்கிறேன் என்றேன். அத்தை வைத்துவிட்டார்.

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அப்பா என்னவோ பாட்டை முனகிக்கொண்டிருந்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். ரோலர் கோஸ்டரின் மேல்வளைவு அங்கிருந்தே தெரிந்தது. எனக்குப் பெரியப்பாவைப் பிடிக்கும். அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் அந்த நிமிஷத்தில் எனக்கு அழுகை வரவில்லை. பைகளை இறக்கப் போகிறார்கள் என்றுதான் தோன்றியது. அப்புறம் அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. அப்பாவின் காதில் இன்னும் விழவில்லை. விழாதவரை அப்பாவுக்குத் தீட்டு இல்லை. போய்விட்டு வரலாம். ஒரே ஒரு தடவை ஏறிவிட்டுச் சொல்லிவிடலாம். நாலு மணிக்கு நிறைய நேரம் இருக்கிறது என்றுதான் நினைத்தேன். வழியில் ஐந்து மணி நேரம் போகும் என்பதை நேற்றுத்தான் உட்கார்ந்து வந்து பார்த்தவள்தான் அப்படி நினைத்தேன்.

ஃபோனின் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தேன். அம்மாவின் கைப்பைக்குள் போட்டேன்.

கேட்டது என் காது என்பதால் தீட்டு எனக்குத்தான். அப்பா வெளியே வந்ததும் நான் உள்ளே போய்த் தலைக்குக் குளித்தேன். சுடுதண்ணீர்க் குழாயைத் திறக்கவில்லை. சாவு வீட்டுக் குளியலுக்குச் சுடுதண்ணீர் கூடாதென்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தேன். பற்கள் தந்தியடிக்க வெளியே வந்தபோது அம்மா திரும்பியிருந்தார். இந்தக் குளிரில் என்ன தலைக்குக் குளியல் என்று திட்டினார். அப்பா என்னை இழுத்து முன்னால் உட்கார வைத்துத் துண்டால் தலையைத் துவட்டினார். நீளமான முடி, எளிதில் காயவில்லை. காய்ச்சல் வந்தால் வண்டியில் ஏற்ற மாட்டேன் என்று மிரட்டிக்கொண்டே துவட்டினார்.

காலைச் சாப்பாட்டின்போது அம்மா, உங்கள் அக்கா கூப்பிடவே இல்லை, அப்படியென்றால் நன்றாகத்தான் இருப்பார் என்றார். அப்பா தலையாட்டினார். நான் மீ கோரெங்கைத் தின்றேன்.

பத்து மணிக்குச் சங்கிலியை எடுத்தார்கள். பலகைக் கோட்டுக்கு மேலே என் தலை ஒரு விரல் தாண்டி நின்றது. ஒன்றரை மணி நேர வரிசை. அப்பாவுக்கு உயரம் என்றால் பயம்; ஆனாலும் எனக்குத் துணையாக ஏறினார். வண்டி உச்சியில் ஒரு கணம் நின்றபோது அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். கீழே விழுந்தபோது என்னைவிடச் சத்தமாகக் கத்தினார். இறங்கியதும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். இன்னொரு தரம் போகலாமா என்று அவர்தான் கேட்டார்.

நான் போகலாம் என்றேன்.

இரண்டாவது தடவையும் வரிசையில் நின்றோம். முதல் தடவைக்காகவாவது ஒரு குழந்தையை மன்னிக்கலாம். இரண்டாவது தடவைக்கு என்ன சமாதானம் சொன்னாலும் எனக்கே ஒட்டவில்லை.

ஒரு மணி தாண்டி, தம்பிக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துவிட்டு அம்மா ஃபோனை எடுத்தார். அணைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, பையில் ஏதோ பட்டு அழுந்தியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திறந்தார். ஒன்றன்பின் ஒன்றாக மணி ஒலித்துக்கொண்டே இருந்தது. அம்மா படித்தார். பிறகு ஃபோனை அப்பாவிடம் நீட்டினார். அப்பா படித்துவிட்டு அங்கிருந்த நடைபாதை ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அத்தை பேச மறுத்துவிட்டார். அத்தை மகன்தான் எடுத்தான். ரெண்டு மணி நேரம் தள்ளி வையுங்கள், வந்துவிடுகிறேன் என்று அப்பா கெஞ்சினார். சுடுகாட்டில் அதற்குப் பிறகு ஆள் இல்லை மாமா, நாளைக்கு இடமில்லை, உடம்பு தாங்காது என்று அவன் அழுதுகொண்டே சொன்னான். தம்பி உயிரோடு இருக்கும்போது அக்கா மகன் கொள்ளி வைக்க வேண்டியதாயிற்று. எங்கள் சொந்தத்தில் அதுவரை அப்படி நடந்ததில்லை.

ஈப்போவைத் தாண்டும்போது மணி நாலு. அப்பா நெடுஞ்சாலை ஓரத்தில் காரை நிறுத்தி இறங்கினார். வடக்கே பார்த்துக் கும்பிட்டபடி நின்றார். லாரிகள் காற்றை அடித்துக்கொண்டு போயின. கொஞ்ச நேரம் கழித்து வந்து உட்கார்ந்து மறுபடியும் ஓட்டினார். பின்னால் இருந்த எனக்கு அவருடைய பிடரி மட்டும் தெரிந்தது. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன்.

பாலத்தில் நெரிசல். அத்தையின் அடுக்குமாடியை அடைந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கீழே கார் நிறுத்துமிடத்தில் போட்டிருந்த கூடாரத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். தரையைக் கழுவிவிட்ட ஈரம் இன்னும் காயவில்லை. அத்தை மகன் மொட்டைத் தலையோடு வெள்ளை வேட்டியில் நின்றான். கோப்பி குடித்துக்கொண்டிருந்த சொந்தக்காரர்கள் எங்களைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அத்தை பாயில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை.

"காலையில எட்டு மணிக்கு ஒன் மவகிட்டதான் சொன்னேன். ஒங்கிட்ட சொல்லலையா அது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா திரும்பிப் பார்த்தார். அப்பாவும் பார்த்தார். அவர் பார்வை என் முகத்திலிருந்து, காலையில் அவர் துவட்டிவிட்ட தலைமுடிக்குப் போய், அங்கேயே கொஞ்சம் நின்றது. அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததை நான் பார்த்தேன்.

"சொன்னிச்சுக்கா," என்றார் அப்பா. "நான்தான் கெளம்பல. பிள்ளைங்க ஆசப்பட்டுச்சுங்க, ஏறி எறங்கிட்டுப் போவோம்னு இருந்துட்டேன்."

சேதி வராமல் போனவனை யாரும் குறை சொல்ல முடியாது. அண்ணன் செத்த சேதியைக் காதில் வாங்கிக்கொண்டு, தீட்டோடு ராட்டினம் ஏறியவனை என்ன சொல்வது? அத்தை சொன்னார்.

"படிக்க வச்சதுக்கு நல்லா செஞ்சிட்ட. இனிமே என் வாசல மிதிக்காத."

அப்பா தலைகுனிந்து நின்றார். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை.

அப்பா இன்றுவரை என்னிடம் அதைப் பற்றிக் கேட்டதில்லை. கன்னத்தில் ஓர் அறை விட்டிருந்தால் நான் அன்றைக்கே பிழைத்துப்போயிருப்பேன். மறுநாள் தனியாகப் புக்கிட் மெர்தாஜாமுக்குப் போய் மொட்டை அடித்துக்கொண்டு வந்தார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அம்மாவும் நாங்களும் வரலாம் என்று சேதி வந்தது. அப்பா எங்களைக் கொண்டுபோய்க் கீழே இறக்கிவிட்டுக் காரிலேயே இருந்துவிட்டார். மேலே அத்தை என்னைத் தன் பக்கத்தில் உட்கார வைத்து இலை போட்டார். வந்தவர்களிடமெல்லாம் என் தலையைத் தடவிக் காட்டினார். பாவம், இந்தச் சின்னப் பிள்ளை ஒழுங்காகச் சேதி சொல்லியும் பெற்றவன் கேட்கவில்லை என்றார். எல்லாரும் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். ஒருத்தர் என் இலையில் இன்னொரு வடை வைத்தார். எதிரே இருந்த அம்மா சாப்பிடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னும் கொஞ்சம் பாயசம் ஊற்றவா என்று அத்தை கேட்டார். நான் டம்ளரை நீட்டினேன்.