காலை ஐந்து மணி வார்த்தை

கல்யாணமாகி ஹைதராபாத் போகும்போது மகள் என் போனில் ஒரு ஆப்பை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். தினமும் காலை ஐந்து மணிக்கு ஒரு பெண் குரல் ஓர் இங்கிலீஷ் வார்த்தையைச் சொல்லி, தமிழில் அர்த்தமும் சொல்லும். நான் திருப்பிச் சொல்ல வேண்டும். கற்றதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை அவள் கூப்பிடும்போது ஒப்பிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நாலைந்து ஞாயிறு கேட்டாள். அப்புறம் அவளுக்கு ஆயிரம் வேலை. கேட்காதவளிடம் போய் ஒப்பிக்க எனக்கென்ன வந்தது? நானும் விட்டுவிட்டேன்.

வார்த்தையை மட்டும் விடவில்லை. கணவர் இறந்து, மகளும் போன பிறகு, காலையில் என் வீட்டில் கேட்கிற ஒரே குரல் அதுதான். மரக்காணத்தில் ஓர் உப்பள ஆபீசில் ரசீது எழுதுகிற எனக்கு அந்த இங்கிலீஷை எங்கே செலவழிப்பது? உப்பு ஏற்ற வருகிற லாரி டிரைவரிடமா? அதனால் வீட்டிலேயே அர்த்தத்தோடு உரக்கச் சொல்லிக்கொள்வேன். பக்கத்து வீட்டுக்கும் எனக்கும் ஒரே சுவர். அளத்தில் உப்பு வாரப் போகிற அக்கா ஒருத்தி அங்கே தனியாக இருந்தாள். குழாயடியில் யார் குடம் முதலில் என்று சண்டை போட்டதிலிருந்து இரண்டு வருஷமாக நாங்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

ஒரு திங்கட்கிழமை அளத்து வரப்பில் நடந்தபோது போன் கை நழுவிப் பாத்தியில் விழுந்தது. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பார்கள். நான் தின்ற உப்புக்கு என் போன் குடித்தது. உப்புத் தண்ணீர் குடித்த போன் பிழைக்காது என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார்.

மறுநாள் ஐந்து மணிக்குத் தானாக விழிப்பு வந்தது. வீடு கம்மென்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வரை என்னை யாரும் தேடமாட்டார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. செத்துக் கிடந்தாலும் ஆபீசில் லீவு என்றுதான் நினைத்துக்கொள்வார்கள். பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் கதவைத் தட்டியது அந்த அக்காதான். வேலைக்குப் போகிற கோலத்தில், தலையில் கட்டிய துண்டோடு வாசலிலேயே நின்றாள்.

"நாலு நாளா வார்த்தை வரலியே. உடம்பு கிடம்பு சரியில்லையாம்மா?"

எனக்கு முதலில் வந்தது கோபம். இத்தனை நாள் ஒட்டுக்கேட்டிருக்கிறாள். போன் கெட்டுப்போனது என்று மட்டும் சொன்னேன். சுவரோரம் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே தினமும் கேட்பாளாம். கேட்டதை மனசுக்குள் சொல்லிக்கொண்டே உப்பு வாருவாளாம். நான் நம்பவில்லை. எங்கே, ஒரு வார்த்தை சொல்லுங்கள் பார்க்கலாம் என்றேன்.

"ஸ்டபர்ன். பிடிவாதம்னு அர்த்தம். அதைக் கேட்டதும் உன் நெனப்புதான் வந்துச்சு."

சிரித்தேன். சிரிக்கும்போதே அழுகை வந்துவிட்டது. அவள் அதைப் பார்க்காதவள் போலக் கிளம்பிப் போனாள்.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு எழுந்து, போன் இல்லாமலே, சுவரைப் பார்த்து 'ஸ்டபர்ன்' என்று உரக்கச் சொன்னேன்.

"நீதான்," என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது.