மாமா போன பெட்டியின் சிவப்பு

சித்தப்பா பழைய மீட்டர்கேஜ் ரயில் பெட்டியை முழ நீளத்துக்கு மரத்தில் செய்துவந்தார். சீட்டு, ஜன்னல் கம்பி எல்லாம் அச்சாக வந்துவிட்டன. நிறம்தான் அவருக்குத் தண்ணி காட்டியது. தஞ்சாவூர் ஸ்டேஷனுக்கு அப்போதே நீலப் பெட்டிகள் வரத் தொடங்கியிருந்தன. மிச்சமிருந்த ஒன்றிரண்டு சிவப்பும் வெயிலில் வெளுத்துப்போயிருந்தது. சித்தப்பாவுக்கோ வெளுக்காத சிவப்பு வேண்டும். வேலை வெட்டி இல்லாதவன் என்பார் அப்பா.

அந்த நிறத்தைச் சரியாகச் சொல்ல வீட்டில் அத்தை ஒருத்தியால்தான் முடியும். சித்தப்பாவின் அக்கா அவள். மாமா துபாய் வேலைக்காக மெட்ராஸ் ரயில் ஏறிய அன்று, பெட்டியின் மேல் கையை வைத்தபடி நின்று வழியனுப்பியவள். கொஞ்ச காலத்தில் மாமா அங்கேயே இறந்துவிட்டதாகத் தகவல் வந்தது. உடல் வரவில்லை. அத்தை அழவும் இல்லை, பேசுவதையும் குறைத்துக்கொண்டாள். அவள் மறுபடி வாயைத் திறந்தது இந்தச் சிவப்புக்காகத்தான் என்பதில் எல்லோருக்கும் சந்தோஷம்.

"இது செங்கல்லுடா." "இது குங்குமம்."

சித்தப்பா சளைக்காமல் எனாமலில் ஒரு சொட்டுக் கறுப்பு விடுவார், ஒரு சொட்டு வெள்ளை விடுவார். "பெட்டி சின்னதாச்சேக்கா. அதே பெயிண்ட அடிச்சா கருத்துத் தெரியும்" என்பார்.

ஒரு மத்தியானம் பூசி முடித்த பெட்டியைப் பார்த்து அத்தை, "இதான்" என்றாள். பிறகு ஜன்னலருகே குனிந்து, "கைய உள்ள எடுத்துக்குங்க. வண்டி கிளம்பப்போவுது" என்றாள்.

சித்தப்பா பிரஷ்ஷும் கையுமாக நின்றார்.

அன்றிலிருந்து அத்தை தினமும் பெட்டியின் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். ஏதோ சொல்வாள், நிறுத்துவாள், பதிலைக் கேட்டுத் தலையாட்டுவாள். எனக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் போய்ப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மாமா என்னை விசாரித்தாராம்.

ஒரு சாயங்காலம் கல்யாணப் புடவை கட்டிக்கொண்டு, கையில் பையோடு வந்தாள். "துண்டு போட்டு இடம் பிடிச்சு வச்சிருக்காங்கடி, பாரு."

எட்டிப் பார்த்தேன். உள்ளே சீட்டின் மேல் நகத்தளவு வெள்ளைத் துணி, அழகாக மடித்துக் கிடந்தது. கூரையைச் சித்தப்பா என்றைக்கோ ஒட்டி மூடிவிட்டார். கம்பிகளுக்கிடையே என் சுண்டுவிரல்கூட நுழையாது.

ஓடிப்போய் அவரைக் கூட்டிவந்தேன். "நீ வச்சியா?" என்றார். இல்லை என்றேன். அவர் அத்தையின் பக்கம் திரும்பினார்.

"எப்பக்கா கிளம்பற?"

"விளக்கு வச்சதும்."

அடுத்துச் செய்யப்போகும் பெட்டிக்கென்று வாங்கியிருந்த நீல எனாமல் டப்பாவை உடைத்துச் சிவப்பின் மேல் பூச ஆரம்பித்தார்.

"நிறம் தப்பு சித்தப்பா!" என்று கத்தினேன்.

"தப்பாவே இருக்கட்டும்." மறுபடியும் பிரஷ்ஷை முக்கினார்.

சிவப்பு முழுக்க மறையும்வரை அத்தை பார்த்துக்கொண்டே நின்றாள். "வண்டி போயிடுச்சு" என்றாள். பையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, ஓவென்று அழுதாள். அப்பாவும் சித்தப்பாவும் அவளைப் பிடித்துக்கொண்டார்கள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மாமா பாடுபட்டுப் பிடித்த இடத்தை இப்படியா கெடுப்பார்கள்! சித்தப்பாவோடு பல நாள் கா விட்டேன். அத்தையை அந்த வண்டியில் ஏற்றி அனுப்ப வேண்டும் என்று அந்த வீட்டில் ஆசைப்பட்டவள் நான் ஒருத்திதான்.