ஊசிமேட்டிலிருந்து வந்தவள்

இது நடந்தது. சத்தியமாக நடந்தது. நம்பாதவர்கள் சென்னை அபிராமபுரத்துக்கு வந்து லாய்டைக் கேளுங்கள். முன்பெல்லாம் வாயைத் திறந்தால் மூடமாட்டான். இப்போது வீட்டுக்குள் சத்தமாகத் தும்மக்கூட யோசிக்கிறான்.

அவன் மனைவி கரோல், டீச்சர். போன ஜூனில் ஏற்காட்டுக்கு அந்தப் பக்கம் ஊசிமேடு என்ற மலையூரில் பள்ளிக்கூட வேலை கிடைத்துப் போனாள். ஊர் என்ன பெரிய ஊர்! நாற்பது வீடு, ஒரு மாதா கோவில், ஒரு டீக்கடை, காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். ஆனால் ஒரு வீட்டில் குழம்பு கொதித்தால் நாலு வீட்டுக்குக் கிண்ணம் போகும். கரோலுக்கு அது பிடித்துப்போனது. இனி சென்னைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். லாய்டுக்கு மானம் கப்பலேறியது. டிசம்பரில் அவளை இழுத்துவரக் கிளம்பினான்.

போய் இறங்கியதிலிருந்தே மூஞ்சியைச் சுளித்தான். டீ கழுநீராம். எதிரே வருகிறவர்கள் எல்லாம் "சாப்டீங்களா சார்?" என்று கேட்கிறார்களாம்.

"பட்டிக்காட்டுப் பசங்க. இவனுங்களுக்கு வேற வேலையே கெடையாதா?" என்றான்.

"சாப்டியான்னு நீ என்னை என்னிக்காவது கேட்ருக்கியா?" என்றாள் கரோல். அவள் அசையவில்லை. இரண்டு நாள் கத்தியதுதான் மிச்சம்.

மூன்றாம் நாள் பிற்பகல் நாலு மணி. கரோல் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கியது. பட்டப்பகலில் நீட்டிய கை தெரியவில்லை.

டங்... டங்... டங்...

வாசலுக்கு வாசல் சாப்பாட்டுத் தட்டைத் தட்டினார்கள். வெளியே போனவர்கள் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேரவேண்டும். அதுதான் அந்த ஊர் வழக்கம். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

டீக்கடை சகினா மட்டும் அவன் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள். "நீங்களும் தட்டுங்க சார். டீச்சர் சத்தம் கேட்டு வந்துருவாங்க. பேரைச் சொல்லி மட்டும் கூப்பிட்றாதீங்க."

"ஏன், புலி வருமா?"

"புலி வந்தா பரவாயில்ல சார்."

லாய்ட் சிரித்தான். மெத்தப் படித்த மேதாவி அல்லவா! நடுரோட்டில் போய் நின்று தொண்டை கிழியக் கத்தினான்.

"கரோல்... கரோல்..."

தட்டுச் சத்தம் அத்தனையும் ஒரே நேரத்தில் நின்றது.

கரோல் வந்தாள். பள்ளிக்கூடம் இருந்த பக்கத்திலிருந்து அல்ல. பள்ளத்தின் பக்கமிருந்து... அங்கே பாதையே கிடையாது. அது இந்த மேதாவியின் கண்ணில் பட்டது, மண்டையில் ஏறவில்லை.

"ஊருக்குப் போலாம்," என்றான்.

"சரி," என்றாள்.

அவ்வளவுதான். ஐயாவுக்குத் தலைகால் புரியவில்லை. சாயங்கால பஸ்ஸைப் பிடித்தார்கள். ஒரு ஆள் ஊருக்குப் போனால் தெருவே திரண்டு வழியனுப்புகிற ஊர் அது. அன்று ஒரு கதவுகூடத் திறக்கவில்லை.

சென்னை வந்ததும் தெருவெல்லாம் தம்பட்டம். "அதட்டினேன், வாலைச் சுருட்டிக்கினு வந்துட்டா." தூ! இப்படியும் ஒரு பெருமை.

அவள் புடவைக் கரை ஈரமாகவே இருந்தது. ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தாலும் காயவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கூப்பிட்டான். கோவில் கேட்டோடு நின்றுவிட்டாள். கொசு அவளைத் தொடவில்லை... அபிராமபுரத்துக் கொசு!

எல்லாவற்றையும் பார்த்தான். ஆனால் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லையே அவள். அவனுக்கு அது போதும்.

புதன்கிழமை காலை, பத்து மணி. அவள் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். சரக்... சரக்... சரக்...

போன் அடித்தது. கரோலின் நம்பர். போனை மலையிலேயே விட்டுவிட்டாள் போல என்று நினைத்து எடுத்தான்.

"லாய்ட், அன்னிக்குப் பனி வெலகுற வரைக்கும் ஸ்கூல்லயே இருந்தேன். வந்து பாத்தா நீ இல்ல. கோச்சுக்கிட்டுக் கெளம்பிட்டியோன்னு நெனச்சேன். சகினாக்கா இப்பதான் வாயத் தொறந்தாங்க... நீ யாரைக் கூட்டிட்டுப் போனே?"

சரக்... சத்தம் நின்றது.

அவன் திரும்பவில்லை.

"நீ... யாரு?"

"நீ கூப்ட்டே. வந்தேன்."

பதில் போன் இல்லாத காதோரம் கேட்டது.

செருப்புகூட இல்லாமல் தெருவுக்கு ஓடினான். போன் மட்டும் கையில் இருந்தது.

"கரோல், நீ வந்துடு. உன் கால்ல விழறேன்."

"நான் எதுக்கு? எதிர்த்துப் பேசாத பொண்டாட்டிதானே கேட்டே. வந்துட்டாளே."

"அது எப்பப் போவும்? அதையாவது சகினாவக் கேட்டுச் சொல்லேன்!"

அந்தப் பக்கம் யாரோ என்னவோ சொன்னார்கள். நெடுநேரம்... மறுபடி பேசியபோது கரோலின் குரலில் கேலி இல்லை.

"போவாதாம் லாய்ட். முன்னாடியும் ஒருத்தர் இப்படித்தான் கூப்ட்டாராம். அவர் செத்தன்னிக்கு... சவப்பெட்டியில ரெண்டு ஆள் கனம் இருந்துச்சாம்."