ஆடு தின்னும் மேடை போட்ட மரகதம் அக்கா

மரகதம் அக்கா செவ்வாய்க்கிழமை மாலை, மதுரை தல்லாகுளத்தில் தன் வீட்டில் காலமானார். இதை எனக்குத் தொலைபேசியில் சொன்னவர் அவருடைய தங்கை மகள் ஜெயா. அன்று பகலிலேயே பேருந்து நிலையத்தில் ஒருவர் "அக்கா போயிட்டாகளாம்" என்றார். விசாரித்ததில், அந்த நேரத்தில் அக்கா கட்டிலில் உட்கார்ந்து, காபியில் சர்க்கரை குறைவு என்று ஜெயாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார் என்று தெரிந்தது. ஆகவே பகலில் வந்தது வதந்தி, மாலையில் வந்ததே செய்தி. சில மாதங்களாக மூச்சிரைப்பு இருந்தது. கடைசியில் சிரமப்படவில்லை என்றார் ஜெயா.

அவரை அறிந்தவர்களில் பலர் முகத்தைப் பார்ப்பதற்கு முன் குரலைத்தான் அறிந்திருப்பீர்கள். எழுபதுகளில் வெளியூருக்குப் பேச வேண்டுமானால் டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மதுரையில் அந்த இணைப்பைக் கொடுத்த ஆபரேட்டர்களில் அவர் ஒருவர். பத்திரிகை நிருபரான நான் தினமும் சாயங்காலம் சென்னை அலுவலகத்துக்குச் செய்தி சொல்வேன். ஒரு தை மாதம், பனியால் மல்லிகை வரத்து அடியோடு குறைந்துவிட்டது என்று சொல்லி முடித்துவிட்டு போனை வைக்கப் போனேன். நடுவில் ஒரு குரல் வந்தது.

"தம்பி, வச்சுராதீங்க. மல்லிகை இல்லேன்னா இந்த மாசக் கல்யாணத்துக்கெல்லாம் மேடையில என்ன கட்டுவாக?"

"யார் பேசுறது?"

"ஆபரேட்டர்தேன். கேட்டதுக்குப் பதிலச் சொல்லுங்க."

"மலையிலருந்து பஸ்ல ரோஜா வருது. இல்லேன்னா பிளாஸ்டிக் பூ."

"போன வாரம் ஒரு கல்யாணத்துல பார்த்தேன். பிளாஸ்டிக் பூ பூராத்துலயும் தூசி. பொண்ணு தும்முது, மாப்பிள்ளை தும்முறாரு, ஐயரு மந்திரத்தை நிப்பாட்டி நிப்பாட்டிச் சொல்றாரு. ஊரைச் சுத்தி அம்புட்டுத் தோட்டம் கெடக்கு. தை மாசத்துல ஒண்ணுகூடவா பூக்காது?"

சந்தைக்கு எவ்வளவு வந்தது என்று எழுதுவதுதான் என் வேலையாக இருந்தது. தோட்டத்தில் என்ன நிற்கிறது என்று நான் போய்ப் பார்த்ததில்லை. அக்கா போய்ப் பார்த்தார். அடுத்த விடுமுறை நாளில் மேலூர் பஸ் ஏறி, வழியில் எங்கே பூச்செடி தெரிகிறதோ அங்கே இறங்கிக்கொண்டார். அப்படி அவர் இறங்கிய இடம் பெரியகருப்பன், வெள்ளையம்மாள் தம்பதியின் தோட்டம். வெகுகாலம் பிறர் நிலத்தில் கூலிக்குப் போன இருவரும், அப்போதுதான் தங்களுக்கென்று கொஞ்சம் நிலம் சேர்த்து அதில் பூ வைத்திருந்தார்கள். அந்தத் தை மாதத்தில் அங்கே செவ்வந்தி மஞ்சளாகப் பூத்து நின்றது. கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. அக்கா அதோடு நிற்கவில்லை. நாற்பதைத் தாண்டிய வயதில், விடுமுறைதோறும் பஸ் ஏறிப் பூத்தொழில் படிக்க ஆரம்பித்தார்.

படிப்பு சுலபமாக இல்லை. முதல் கோடையில் மல்லிகை பறிக்கிறேன் என்று போய், விரிந்த பூவாகப் பார்த்துப் பறித்து மடி நிறையக் கொண்டுவந்து காட்டினார். வெள்ளையம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"ஏக்கா, விரிஞ்சதை எதுக்குப் பறிச்ச? மொட்டுல்ல பறிக்கணும்! இது சாயங்காலம் வரைக்கும் தாங்காது. ஒனக்கா, எங்க ஆட்டுக்கா?"

"ஆடு திங்குமா?"

"போட்டுப் பாரு."

ஆடு தின்றது. செண்டுமல்லியைத் தின்றது, கோழிக்கொண்டையைத் தின்றது, வாடிய சம்பங்கியையும் விடவில்லை. பின்னொரு நாள் மண்டபத்திலிருந்து வந்த பழைய மாலையைப் போட்டபோது மட்டும் நைலான் நூல் அதன் தொண்டையில் சிக்கிக்கொண்டது. வெள்ளையம்மாள் வாய்க்குள் கைவிட்டு இழுத்ததை அக்கா பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து அவருடைய சட்டம் ஒன்றே ஒன்று: "மறுநாள் காலையில ஆடு திங்க முடியாத எதையும் மேடையில வைக்கக் கூடாது." நூலுக்குப் பதில் வாழை நார் வந்தது. கம்பிக்குப் பதில் தென்னங்குருத்தை முறுக்கினார். ஆட்டுக்கு ஆகாது என்பதால் அரளி விலக்கப்பட்டது. "அது சாமிக்கு இருக்கட்டும்" என்பார்.

அக்கா முதன்முதலாகப் போட்ட மேடை ஜெயாவின் கல்யாணத்துக்கு. ஜெயாவுக்குத் தகப்பனார் இல்லை. அக்காவின் தங்கை தனியாக நின்று பேசி முடித்த சம்பந்தம் அது. மாப்பிள்ளை வீட்டார் திருமங்கலம் பக்கம், சகுனம் பார்ப்பவர்கள். நிச்சயத்தன்று பூனை குறுக்கே போனதற்காக ஒரு மணி நேரம் வாசலிலேயே நின்றவர்கள். "மேடை நல்லா அமையணும், அக்கா. ஒரு சொல் வந்துட்டா என் மக ஆயுசுக்கும் கேக்கணும்" என்று தங்கை கேட்டுக்கொண்டார். "நான் இருக்கேன்ல" என்றார் அக்கா. ஆவணி மாதம். சம்பங்கி, செண்டுமல்லி, கோழிக்கொண்டை மூன்றும் பெரியகருப்பனின் தோட்டத்தில் தாராளமாக இருந்தன.

பூவைத் தாங்க ஒரு சட்டகம் வேண்டும்; ஆட்டுச் சட்டத்தில் அதற்கு மட்டும் விலக்கு. வைகைக் கரையோரம் மூங்கில் வளைக்கும் மாயாண்டி அண்ணனிடம் அக்கா சொல்லிவிட்டு வந்தார். கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் வளைவுகள் தனித்தனியாகக் கைவண்டியில் வந்து இறங்கின. அக்கா டூட்டி முடிந்து வந்தார். கூட வேலை பார்த்த ஆபரேட்டர் பெண்கள், வெள்ளையம்மாள், போன் பழக்கத்தில் அதற்குள் வீட்டு ஆளாகிவிட்ட நான் எல்லாரும் மண்டபத் தரையில் உட்கார்ந்து வளைவு வளைவாகப் பூக்கட்டினோம். அழகாகத்தான் இருந்தது. மாப்பிள்ளை அழைப்புக்கு விளக்குப் போடும் நேரத்தில், கூலி வாங்க வந்த மாயாண்டி அண்ணனும் கைகொடுக்க, வளைவுகளைச் சேர்த்து மேடையில் தூக்கி நிறுத்தினோம்.

எல்லாரும் இரண்டடி பின்னால் நகர்ந்து பார்த்தோம்.

ஆள் உயரத்துக்கு நாலு கால். மேலே கூண்டு. கூண்டுக்கு மேலே சின்னக் கலசம். சுற்றிலும் செண்டுமல்லிச் சரம். எங்கள் பக்கம் பெரியவர்கள் இறந்தால் கடைசிப் பயணத்துக்குக் கட்டுகிற பூத்தேர் அச்சு அசலாக அப்படித்தான் இருக்கும். சமையற்கட்டிலிருந்து கரண்டியோடு எட்டிப்பார்த்த சமையல்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"ஆத்தாடி! நான் கல்யாணத்துக்கு வந்தேனா, கருமாதிக்கு வந்தேனா?"

தங்கை சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அக்கா மாயாண்டி அண்ணன் பக்கம் திரும்பினார்.

"என்னண்ணே இது?"

"நீங்க சொன்னதுதேன். ஆள் ஒசரம், மேல கூண்டு, சுத்திப் பூவு, வியாழக்கெழமை வேணும்னீக."

"கல்யாணத்துக்குன்னு தெரியாதா?"

"யாருக்குன்னு நாங்க கேக்க மாட்டம்க்கா. கேட்டா வீட்டாளுக அழுதுருவாக. எங்க தொழில்ல அது வழக்கம்."

தெருக்கோடியில் நாதஸ்வரம் கேட்டது. மாப்பிள்ளை ஊர்வலம் வந்துகொண்டிருந்தது.

அக்கா கோபப்பட்டு நான் பார்த்தது குறைவு. அன்று அதற்கு அவகாசமும் இல்லை. "கூண்டைப் பிரிங்க. வளைவு ஒண்ணுகூட மேடையில இருக்கக் கூடாது. சரத்தை அறுக்காதீக" என்று சொல்லிவிட்டு, ஆரத்தித் தட்டை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். நானும் பின்னால் ஓடினேன். ஊர்வலத்தின் முன்னால் வந்த நாதஸ்வர வித்வான், தஞ்சாவூர்ப் பக்கம் இருந்த தன் வீட்டுக்கு அடிக்கடி டிரங்க் கால் போடுகிறவர். அக்கா அவர் காதருகே போனார்.

"அண்ணே, டிரங்க் ஆபரேட்டர் மரகதம். குரல் தெரியுதா?"

வித்வான் சீவாளியை வாயிலிருந்து எடுத்தார். "அடடே, நீங்களாம்மா!"

"ஒங்களுக்கு எம்புட்டு நாள் லைன் இழுத்துக் குடுத்திருக்கேன். இன்னைக்கு நீங்க எனக்காக ஒரு ராகத்தை இழுக்கணும். இதே முனையில. நான் கையைக் காட்டுற வரைக்கும்."

அவர் காரணம் கேட்கவில்லை. தோடியை எடுத்தார். தவில்காரர் ஒருமுறை முறைத்துவிட்டுச் சேர்ந்துகொண்டார். மாப்பிள்ளையின் தகப்பனார், தங்களுக்காகவே தனிக்கச்சேரி என்று நினைத்து, நாற்காலி கொண்டுவரச் சொல்லித் தெருவிலேயே உட்கார்ந்தார். மாப்பிள்ளை காரில் வியர்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே திரும்பிய அக்கா மேடையை ஒருமுறை பார்த்தார். வாசலில் கட்டியது போக இரண்டு வாழைமரங்கள் கொல்லையில் மிச்சம் இருந்தன. அவற்றைக் குலையோடு மேடையின் இரு பக்கமும் நிறுத்தச் சொன்னார். நடுவே கயிறு கட்டி, கூண்டிலிருந்து அவிழ்த்த சரங்களை நேர் நேராகத் தொங்கவிட்டார். செண்டுமல்லி முழுவதையும் எடுத்துவிட்டு வெள்ளைச் சம்பங்கி மட்டும், ஒவ்வொரு சரத்தின் நுனியிலும் ஒரு கோழிக்கொண்டை. மாயாண்டி அண்ணனே ஏணியில் ஏறி நின்று கட்டினார். எல்லாரையும்விட அவர் கைதான் வேகம். செண்டுமல்லியைக் கூடையோடு கொல்லைப்புறம் தள்ளினார்கள். வெள்ளையம்மாளின் ஆடுகளுக்கு மறுநாள் விருந்து. அக்கா வாசலுக்குப் போய்க் கையைக் காட்டினார். தோடி முடிந்தது.

மாப்பிள்ளையின் தாயார் மேடைக்கு முன்னால் வந்து நின்றார். சரத்தைத் தொட்டுப் பார்த்தார். முகர்ந்தார். "பிளாஸ்டிக் இல்லையே?" என்றார். "இல்லம்மா" என்றார் அக்கா. "நல்லது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். மறுநாள் தாலி கட்டி முடிகிற வரைக்கும் அக்கா தண்ணீர்கூடக் குடித்ததாக எனக்கு நினைவில்லை.

இந்தக் கதைக்கு ஒரு மிச்சம் உண்டு. முதல் குழந்தை பிறந்த பிறகு ஒருநாள் ஜெயாவிடம் மாமியார் சாதாரணமாகச் சொன்னாராம்: "அன்னைக்குக் கை கழுவக் கொல்லைப்பக்கம் போனேன். மூங்கில் வளைவும் கலசமும் கெடந்துச்சு. எங்க ஊர்லயும் அப்படித்தேன் வளைப்பாக. நான் வாயைத் தொறந்தா என்ன ஆகும்னு தெரியும். ஒங்க பெரியம்மா மொகத்தைப் பார்த்தேன், பேசாம வந்துட்டேன்." ஜெயா இதை அக்காவிடம் சொன்ன அன்று நானும் இருந்தேன். அக்கா சிரித்துச் சிரித்து இருமல் வந்து, தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. மறு விடுமுறையில் ஒரு கூடை பிச்சிப்பூவோடு திருமங்கலம் போய் அந்த அம்மாளைப் பார்த்துவிட்டு வந்தார். இருவரும் பிறகு நல்ல சிநேகிதிகள்.

அதற்குப் பின் அவர் போட்ட மேடைகளை உங்களில் பலர் பார்த்திருக்கிறீர்கள். ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு முகம் இருந்தது. பங்குனியில் மல்லிகை, தையில் செவ்வந்தி, பூ குறைந்த நாளில் தென்னங்குருத்தும் மரிக்கொழுந்தும். ஒரு பெரிய மனிதர் தை மாதத்தில் மல்லிகைப் பந்தல்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். "தேதியை ஐயரு குறிக்கட்டும். பூவை மாசந்தேன் குறிக்கும். மல்லிகைதேன் வேணும்னா பங்குனியில வாங்க, பேரனுக்குத் தொட்டில் கட்டுறேன்" என்றார் அக்கா. அந்தப் பெரிய மனிதர் கோபித்துக்கொண்டு போய்விட்டு, மகள் சொன்னதால் திரும்பி வந்தார். செவ்வந்தி மேடைதான் அமைந்தது. மறு வருடப் பங்குனியில் தொட்டிலும் கட்டியதாகக் கேள்வி.

புதன்கிழமை காலையில் அக்காவுக்கு மூங்கில் வளைத்தவர் மாயாண்டி அண்ணன். யாரும் சொல்லி அனுப்பவில்லை, தானாக வந்தார். சம்பங்கியை வெள்ளையம்மாள் கொண்டுவந்தார். எல்லாம் வாழை நாரில் கட்டியது. கூட்டத்தில் யாரோ நைலான் நூலில் கட்டிய மாலையோடு வந்தார்கள். ஜெயா கண்ணைத் துடைத்துக்கொண்டே அந்த நூலை உருவிவிட்டுப் பூவை மட்டும் வாங்கிக்கொண்டார். அழுதுகொண்டிருந்த எங்களில் பலர் அந்த இடத்தில் சிரித்துவிட்டோம்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு கேள்வி. தோட்டத்துக்குள் நுழைந்ததும் அவர் "எனக்கு இன்னது வேணும்" என்று ஒருநாளும் சொன்னதில்லை. "இப்ப என்ன இருக்கு?" என்றுதான் கேட்பார். இருப்பதைப் பார்த்த பிறகு மேடையை யோசிப்பார். செய்தி எழுத உட்காரும்போது நானும் இப்போது அதைத்தான் கேட்டுக்கொள்கிறேன்.

இனி முடிவாகாத ஒரு விஷயம். வருகிற தை மாதம் பெரியகருப்பன், வெள்ளையம்மாளின் இளைய மகளுக்குக் கல்யாணம். இத்தனை வருடம் ஊர் மேடைகளுக்கெல்லாம் பூ கொடுத்த அந்தக் குடும்பத்தில் மண்டபம் பிடித்து நடக்கும் முதல் கல்யாணம் அது. மேடை அக்காவுடையது என்று பேச்சாகியிருந்தது. எப்படிப் போடுவதாக இருந்தார் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. பூ வந்த பிறகுதான் அவர் யோசிப்பார். ஜெயாவே போட வேண்டும் என்று மணப்பெண் கேட்டிருக்கிறாள். ஜெயா இன்னும் சரி என்று சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. செவ்வந்திச் செடி முழங்கால் உயரம் வந்திருக்கிறது என்று பெரியகருப்பன் நேற்றுச் சொன்னார். இந்த ஐப்பசி மழை வேரை அழுக வைக்காமல் விட்டால், கார்த்திகை தீபம் கழிந்து மொட்டுத் தெரியும். அன்று தோட்டத்துக்கு வந்து பார்த்துவிட்டுச் சொல்வதாக ஜெயா சொல்லியிருக்கிறார்.