மண்டபம் மண்டியான வரலாறு

கலியாணசுந்தரம் மலாக்காவில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் பத்தொன்பது ஆண்டுகளாகப் பிறர் வரைந்த கட்டடப் படங்களைப் பிரதி எடுத்துவந்தார். எந்தப் படத்தின் மூலையிலும் அவர் பெயர் இருந்ததில்லை. 1957 மார்ச்சில், மலாயாவின் விடுதலையான மெர்டேக்காவை முன்னிட்டு, ஊரின் காஜா பெராங் பகுதியில் எல்லா இனத்தாரும் கூடிப் பேச ஒரு மண்டபம் வேண்டுமென்று தீர்மானமாயிற்று. வரையும் பொறுப்பு அவருக்கு வந்தது. மூலையில் பெயரும் வரும் என்றார்கள்.

அவர் வரைந்தது வட்டமான இருக்கை. யார் உட்கார்ந்தாலும் எதிரிலிருப்பவர் முகத்தைப் பார்த்தாக வேண்டும். மண்டபத்துக்கென அமைத்த ஒற்றுமைக் குழு ஏழு கூட்டங்களில் அதைத் திருத்தி, நான்கு சமூகங்களுக்கு நான்கு திசை பார்த்த நான்கு பெஞ்சுகளாக்கியது.

"பாய், இப்படி முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்தா எப்படிப் பேசுறது?" என்றார் கலியாணசுந்தரம்.

"பேசுறதுக்குத்தான் குழு இருக்கே, தம்பி!" என்றார் குழுத் தலைவரான துணிக்கடை அப்துல் கய்யூம்.

சாமான் கேட்டு எழுதிய மலாய்க் கடிதத்தில் கலியாணசுந்தரம் 'மண்டபம்' என்றே குறித்திருந்தார். தமிழறியாத கிடங்கு எழுத்தர் அதை எழுத்துப்பிழை என்று கருதி, 'மண்டி' என்று அக்கறையோடு திருத்தினார். மலாயில் மண்டி என்றால் குளியல். ஆகஸ்டில் ஆறு குழாய்களும் ஒரு தொட்டியும் வந்திறங்கின. வந்த ஆட்கள் மண்டபத்தின் நடுவிலேயே அவற்றைப் பொருத்திவிட்டுப் போனார்கள்.

பெஞ்சுகளில் குடைகள் மட்டுமே உட்கார்ந்தன. குழாயடியிலோ இடமில்லை.

"சந்திரமதி அக்கா, நாலு வாளியா? வீட்ல கல்யாணமா?" என்றாள் வரிசையில் நின்ற சாரதாம்பாள்.

"கல்யாணம் தா' அடா லா! மெனாந்து மண்டி லாமா!" என்றாள் மலாய் கலந்தே பேசும் செட்டித் தெருச் சந்திரமதி. கல்யாணமெல்லாம் இல்லை, மருமகள் குளிக்க நெடுநேரமாகிறதாம். தன் மருமகள் அதைவிட மோசம் என்று தவ்வு எனும் சோயாக் கட்டி விற்கும் சீனக் கிழவி மலாயிலேயே போட்டிக்கு வந்தாள். மாமியார்களின் மாநாடு அரைமணி நீடித்தது.

செப்டம்பரில் பெரிய அதிகாரி கலியாணசுந்தரத்தை அழைத்தார். ஒன்று, குழாய்களைப் பிடுங்க வேண்டும். அல்லது, தாம் வரைந்ததே பொதுக் குளியல் கூடந்தான் என்று அவர் கையெழுத்திட வேண்டும். பத்தொன்பது ஆண்டு காத்திருந்த பெயர் குளியலறைக்கா என்று அன்று முழுவதும் அவர் மனம் அடித்துக்கொண்டது. மறுநாள் புதிய படத்தோடு வந்தார். குழாய்களைச் சுற்றி, உள்நோக்கிய வட்ட இருக்கை. 'வாளியோடு காத்திருப்போருக்கு' என்று குறிப்பு. குளியலறைக்குத் தலைமை தாங்க விரும்பாத குழு அதற்குள் தானாகவே கலைந்திருந்தது. திருத்த ஆளில்லை.

மூலையில் பெயர் எழுதிக் கையெழுத்திட்டார். அவர் வரைந்தது என்ன என்று உறவினர் விசாரித்தால் அவர் மனைவி கமலவேணி, "ஏதோ கவர்மென்ட் கட்டடம்" என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.