செத்தவருக்குத் தலை எந்தப் பக்கம்?

படத்தில் கூட்டமாக நிற்கிறதும் ஒரு வேலைதான். அதற்கு வேண்டிய ஒரே தகுதி வாய் திறக்காமல் இருக்கிறது. நாலுபேருக்கு முன்னால் பெயரைக் கேட்டாலே நாக்கு ஒட்டிக்கொள்கிற என்னைப் போன்றவர்களே, இப்படி ஒரு வேலை இருக்கென்று எனக்கும் ரொறன்ரோ வந்தபிறகுதான் தெரியும். தொண்ணூறுகளில் அமெரிக்காக்காரர் இங்கே வந்துதான் நிறையப் படம் எடுத்தார்கள். மோர்னிங்சைட்டில் எங்கள் பில்டிங்கில் இருந்த புஷ்பம் அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு போனா.

சத்தமில்லாத செத்தவீடு

முதல் வேலை ஒரு செத்தவீட்டில் அழுகிறது. பெரிய நடிகர் முன்னால் நின்று பேசுவார். நாங்கள் பின்னால் நின்று வாயை மட்டும் அசைத்து அழவேண்டும். புஷ்பம் அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினா. பெட்டியைக் கொண்டுவந்து வைத்ததும் என் கழுத்தைக் கட்டிப்பிடித்து, "ஐயோ என்ர ராசா, எங்களை விட்டிட்டுப் போட்டியோ" என்று வைத்தாவே ஒரு ஒப்பாரி! பெரிய நடிகருக்கு வசனம் மறந்துபோனது.

உதவி டைரக்டர் பெண் ஓடிவந்து, பெட்டியைத் திறந்து உள்ளே வெறும் மண்மூட்டை என்று காட்டினா. அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு தமிழிலேயே சொன்னா: "பிள்ளை, மண்மூட்டையெண்டாலும் பெட்டிக்குள்ள வைச்சிட்டியள். இனி அழாமல் நிண்டால் சனம் என்ன கதைக்கும்?"

கொண்டைக்குப் பின்னால்

அது ரீவியில் வந்தபோது, ஒன்றாம் வகுப்புப் படிக்கிற என் மகள் நிலா வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள். வந்தது புஷ்பம் அக்காவின் கொண்டை. அதற்குப் பின்னால்தான் நான். அடுத்த படத்தில் குடை மறைத்தது. அதற்கடுத்ததில் ஒரு பஸ் வந்து எனக்கு முன்னால் நின்றது. வகுப்பில் அவளுக்குப் பொய்க்காரி என்று பட்டம். ஒருமுறையாவது நான் முகம் காட்டியாக வேண்டும். அழுது முடித்துவிட்டு அவள் கேட்டாள்: "அம்மா, நீங்க உண்மையா நடிக்கத்தான் போறீங்களா, இல்லாட்டி சும்மா பஸ்ஸில சுத்திட்டு வாறீங்களா?"

பிணம்

கடைசியில் வாய்த்தது பிண வேடம். மேசையில் படுத்தால் கமரா நேரே முகத்துக்கு வரும். நிலாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. நடிகையென்றால் நகச்சாயம் பூசவேண்டும் என்று காலையில் என் இடதுகால் சின்னவிரலுக்கு ஊதா நிறம் பூசினாள். மற்ற விரல்களுக்கு நேரமில்லை.

நான் செத்துவிட்டேன் என்று சொல்கிற டொக்டர், வயதான ஒரு அமெரிக்க நடிகர். நாடக மேடையில் தொடங்கி, நாற்பது வருசமாக டொக்டர், நீதவான், பாதிரியார் என்று சின்னச் சின்ன வேடங்கள். முகம் எல்லாருக்கும் தெரியும், பேர் ஒருவருக்கும் தெரியாது. தங்கள் பல் டொக்டர் என்று நினைத்து, பல்லைப் பிழையாகப் பிடுங்கினது நீதானே என்று தெருவில் மறித்துச் சண்டைக்கு வருகிறார்களாம்.

படுத்தபிறகுதான் யோசித்தேன். வரும்போது பார்த்த ஏரி என் காலடிப் பக்கம். ரொறன்ரோவில் ஏரி தெற்கு. அப்படியென்றால் தலை வடக்கே! உயிரோடு இருக்கிறவள் வடக்கே தலை வைக்கலாமா? நிலாவுக்கு இருக்கிறது ஒரே அம்மா. செத்தவர்களுக்கும் தெற்கேதான் தலை. வாய்விட்டுச் சொல்ல வெட்கம். பேசாமல் எழும்பித் திரும்பிப் படுத்தேன். அவர்கள் திருப்பிவிட்டார்கள். விளக்குப் போட்டதும் மறுபடி திரும்பினேன். மூன்றாம் முறையும் கமராவுக்கு நேரே என் கால். டைரக்டர் களைத்துப்போய், கமராவை அசைக்கவேண்டாம், அந்தக் காலையே எடுங்கள் என்றார். முகம் போனது. என் கண்ணீரைக் கண்ட டொக்டர் குனிந்து, எனக்கு விளங்கவேண்டும் என்று இங்கிலீசை ஒவ்வொரு சொல்லாக, ஆறுதலாகச் சொன்னார்: "எத்தனையோ பேரைச் செத்ததாகச் சொல்லியிருக்கிறேன். செத்தபிறகும் இவ்வளவு பிடிவாதம் பிடித்தது நீ மட்டும்தான்."

வீடியோ

படம் வீடியோவில் வந்ததும் நிலா வகுப்புத் தோழி ஒருத்தியைக் கூட்டிவந்தாள். நான் சமைக்கிற மாதிரிக் குசினிக்குள் ஒளித்துக்கொண்டேன். டொக்டர் வந்தார். வெள்ளைத் துணி. பிறகு ரீவி நிறைய இரண்டு கால். நிலா சோபாவில் ஏறிக் குதித்தாள். "பார், பார், அது அம்மான்ர கால்! உந்த ஊதா நகம் நான் பூசினது!" மறுப்பதற்கு ஒன்றுமில்லை, நகச்சாயப் போத்தலும் சாட்சிக்கு வந்தது. தோழி சோபாவை விட்டு இறங்கினாள். மெல்லக் குசினி வாசலுக்கு வந்து என்னை மேலும் கீழும் பார்த்துக் கேட்டாள்: "அன்ரி, நீங்க இப்ப ஓகேயா?"

ஆக, இத்தனை படத்தில் எனக்கென்று கிடைத்த ஒரே பெரிய வேடத்தை என் இடதுகால்தான் நடித்துக் கொடுத்தது. அதற்கும் மேக்கப் போட்டது என் மகள்.